செப்புக் கம்பியால் தைத்த தோணி

லிங்கநகரில் என் தங்கையின் வீட்டு முற்றத்தில் இரண்டு மாதங்களுக்கு மேலாக ஒரு தோணி உருவாகிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு அடி நீளம், தட்டையான அடி, முன்புறம் கூர், பின்புறம் நேர்ப்பலகை. கட்டுபவன் என் மருமகன். அவன் தச்சனும் அல்லன், மீன்பிடிக் குடும்பத்தைச் சேர்ந்தவனும் அல்லன். காரியாலயத்தில் கணினிக்கு முன்னால் அமர்ந்து வேலை செய்பவன். விடுமுறை நாளில் தூண்டில் போடப் போவதற்குச் சொந்தமாக ஒரு தோணி வேண்டும் என்று ஆசைப்பட்டான். ஆறு மில்லிமீற்றர் ஒட்டுப்பலகைத் தாள்கள் நான்கு, ஒரு சுருள் செப்புக் கம்பி, கண்ணாடியிழை நாடா, எப்பொக்சிப் பசை ஆகியவற்றோடு வேலையைத் தொடங்கினான்.

நான் அங்கே போயிருந்த ஒரு நாளில், அவனுக்குத் தெரிந்தவர் மூலம், கிண்ணியாவிலிருந்து ஒரு முதிய ஓடாவியாரும் வந்து சேர்ந்தார். (புலம்பெயர்ந்த நாடுகளிலுள்ள இளைய வாசகர்களுக்காக ஒரு விளக்கம்: ஓடாவி என்பது எங்கள் கரையில் தோணியும் வள்ளமும் கட்டும் தச்சரைக் குறிக்கும் சொல்.) எண்பது வயதை எட்டியவர். முற்றத்தில் மருமகன் இரண்டு பலகைகளின் விளிம்புகளில் துளையிட்டு, கம்பியைக் கோத்து, குறட்டால் முறுக்கிக்கொண்டிருந்தான். ஓடாவியார் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மகன், தோணியத் தைக்கிறீங்களோ?" என்றார்.

அவன் பசையைக் காட்டி விளக்கினான். கம்பி தற்காலிகமானது, பலகைகளைச் சேர்த்துப் பிடிப்பதற்கு மட்டுமே. உட்புற மூலையில் மரத்தூள் கலந்த பசையை வழித்து, அதன்மேல் கண்ணாடியிழை நாடாவை ஒட்டி, அது இறுகிய பிறகு கம்பியை வெட்டி எடுத்துவிடலாம் என்றான்.

"அப்ப பசைய நம்பியா கடலுக்குப் போறது?" என்று கேட்டார் ஓடாவியார்.

அடுப்படி வாசலில் நின்ற என் தங்கை, இதே கேள்வியைத்தான் தானும் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். அவள் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 ஐ இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்படும் காலத்துக்கென ஓடிய மிதவைப் பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டார்கள். தானாகக் கட்டிய எதையும் நம்பித் தண்ணீரில் ஏறக்கூடாது என்பது அன்று முதல் அவளுடைய கட்சி.

ஓடாவியாரின் முதற் கேள்வியும் இரண்டாம் கேள்வியும் என்னோடு வீடுவரை வந்தன. முப்பது ஆண்டுகள் செய்தித்தாளில் குப்பை கொட்டியவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் அதன் வேரைத் தேடிப் போகாமல் இருக்க முடியாது.

தோணியைத் தைப்பது எங்கள் கடலுக்குப் புதிதன்று. ஆணியடித்துக் கட்டுவதுதான் பின்னால் பரவியது. வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையில், சென்னையிலும் மசூலிப்பட்டினத்திலும், துறைமுகச் சுவர்கள் எழும்பும் வரை, தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். பலகைகளைத் தென்னந்தும்புக் கயிற்றால் தைத்து, தையல் வாயில் தும்பு வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். உள்ளே வங்குகள் கிடையாது. வங்கு என்றால் படகின் விலாவெலும்பு போன்ற உட்கட்டைகள். அவை இல்லாததே அந்தப் படகின் பலம். அலை தூக்கி மணலில் மோதும்போது ஆணியடித்த விறைப்பான ஐரோப்பியப் படகு பிளந்துபோகும். மசூலாப் படகு கூடைபோல நெளிந்து தாங்கிக்கொள்ளும். கம்பனிக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் சென்னைக் கரையில் முதற் காலடி வைத்தது இந்தத் தையலை நம்பித்தான்.

அரபிக் கடலிலும் அப்படியே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஹோர்முஸ் துறையில் தைத்த கப்பல்களைக் கண்ட மார்க்கோ போலோ, அவை மோசமானவை, பல மூழ்கிப்போகின்றன என்று எழுதிவைத்தார். ஆனால் 1998 இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பல், ஆணியில்லாமல் தைக்கப்பட்ட கப்பல். அறுபதினாயிரம் அளவிலான சீனப் பாண்டங்களைச் சுமந்துகொண்டு போன கப்பல். அதன் மாதிரியில் ஓமானில் கட்டப்பட்ட 'மஸ்கத்தின் மாணிக்கம்' 2010 இல் சிங்கப்பூருக்குப் போகும் வழியில் காலியில் தரித்து, வெடிப்புக் கண்ட தன் பாய்மரங்களை இலங்கைக் காட்டு மரங்களால் மாற்றிக்கொண்டது. இந்தியக் கடற்படை, அஜந்தா ஓவியமொன்றைப் பார்த்து, கேரளத்துத் தச்சர்களைக் கொண்டு தைத்த 'கௌண்டின்யா' 2025 மே மாதத்தில் கார்வாரில் படையில் சேர்க்கப்பட்டது. மார்க்கோ போலோ அவசரப்பட்டுவிட்டார் என்றே சொல்ல வேண்டும். பத்திரிகையாளர்களுக்கும் அந்த நோய் உண்டு.

பாய்மரம் தேடி இலங்கைக்கு வருவது பழைய வழக்கம். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், புது மரம் நாட்டுவதற்காக வந்தது எங்கள் கொட்டியாரக் குடாவுக்குத்தான். வந்த இடத்தில் கப்பல் தலைவரும் அவருடைய மகனும் கண்டி அரசனின் ஆட்களிடம் சிக்கினார்கள். தந்தை சிறையிலேயே இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு 1679 இல் தப்பியோடி, 1681 இல் தன் நூலை வெளியிட்டார். அவர்தான் ரொபேர்ட் நொக்ஸ். நொக்ஸின் கதையைச் சிறையின் கதையாகவே எல்லோரும் வாசிக்கிறார்கள். நான் அதில் வேறொன்றையும் பார்க்கிறேன்: கப்பலுக்குப் பாய்மரம் வேண்டுமானால் கொட்டியாரத்துக்குப் போகலாம் என்று கடலோடிகள் நம்பிய அளவுக்கு அன்று இந்தக் குடாவைச் சுற்றிப் பெருமரங்கள் இருந்தன. படகின் வரலாறு முதலில் மரத்தின் வரலாறு. மரம் இருந்த காலத்தில் குடைந்தார்கள், பிணைத்தார்கள், பலகையறுத்துத் தைத்தார்கள், பிறகு ஆணியடித்தார்கள்.

ஆணியோடு ஓடாவி பெரிய மனிதரானார். ஏராவை வைத்து, வங்குகளை நிறுத்தி, பலகையை நெருப்பில் வாட்டி வளைத்து, கலப்பற்றுப் போட்டு, குங்கிலியமும் எண்ணெயும் பூசிக் கட்டுவதற்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும், கண்ணளவு வேண்டும். அந்தக் கலையின் உச்சமென்று நம்மவர் பெருமையோடு சொல்வது வல்வெட்டித்துறையை. 1930 இல் அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலை, சிறு படகில் உலகைச் சுற்றிய அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதைச் சுயெஸ் வழியாகவும் அத்திலாந்திக்கைக் கடந்தும் ஓட்டிச் சென்று, 1938 ஓகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்து குளொஸ்டர் துறையில் சேர்த்தார்கள். 89 அடிக் கப்பல்.

இந்தக் கதையைப் பல முறை கேட்டவர்கள் உண்டு. நான் இங்கே சொல்வதற்குக் காரணம் குளொஸ்டர். அன்னபூரணி போய்ச் சேர்ந்த நாளில் அந்த ஊரில் பிலிப் போல்கர் என்றொரு பத்து வயதுச் சிறுவன் இருந்தான். வளர்ந்து 600 க்கு மேற்பட்ட படகுகளை வரைந்தவர், அதே ஊரிலேயே வாழ்ந்து 2009 இல் மறைந்தவர். சாதாரண மனிதன் வீட்டுப் பின்புறத்தில் ஒட்டுப்பலகையால் கட்டக்கூடிய எளிய படகுகளை வரைவதில் அவருக்கு ஈடு குறைவு. மெய்ன் மாநிலத்தில் ஹறல்ட் பேசன் என்ற கட்டுநர் போல்கரின் வரைபடங்களை வைத்து 1979 இல் 'உடனடிப் படகுகள்' என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். லிங்கநகர் முற்றத்தில் என் மருமகன் கட்டுவது அந்தப் பரம்பரையைச் சேர்ந்த தோணிதான். எங்கள் ஓடாவிகளின் பெருங்கப்பல் போய்ச் சேர்ந்த ஊரிலிருந்து ஓடாவியே தேவைப்படாத சிறு தோணி திரும்பி வந்திருக்கிறது. தற்செயல்தான்; இதற்கு மேல் அதை இழுக்க மாட்டேன்.

இனிப் பசைக்கு வருவோம். ஓடாவியார் பசையை நம்பாததற்குக் காரணம் அறியாமை அன்று, அனுபவம். என் தலைமுறையினர் வீடுகளில் தேயிலைப் பெட்டி இல்லாத வீடு குறைவு. ஒட்டுப்பலகையில் செய்து, விளிம்புகளுக்குத் தகரம் அடித்த பெட்டி. பழைய புத்தகமும் விறகுச் சுள்ளியும் போட்டு வைப்போம். அந்தப் பெட்டியை ஒரு மாரிக்கு வெளியே விட்டுவிட்டால் வெங்காயம்போல அடுக்கடுக்காக உரிந்துவிடும். ஒட்டுப்பலகை என்பது மழையில் உரியும் பொருள்: இது எங்கள் சனங்களின் பொது அறிவு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்டிப் பலகை வெளிநாட்டிலிருந்து வராமற்போகவே காலிக்கு அருகே கிந்தோட்டையில் அரசு ஒரு தொழிற்சாலை தொடங்கியது. பிறகு அது கூட்டுத்தாபனமாயிற்று. அதன் முதன்மை வேலையும் தேயிலைப் பெட்டிதான். படகுக்குப் பலகை செய்வதை யாரும் பெரிய காரியமாக எண்ணவில்லை. 1970 களில் கொஸ்கமவில் எழுந்த பெரிய ஆலைக்காகச் சிங்கராஜக் காட்டுக்குள் இயந்திரங்கள் இறங்கின; எதிர்ப்பு வலுத்ததால் அந்தத் தசாப்தம் முடியுமுன் கைவிடப்பட்டது. 1988 இல் அதே காடு உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. பெருமரம் வேண்டாத பலகை என்று ஒட்டுப்பலகையைப் புகழ்வோர் இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மெல்லிய தாளாகச் சீவினாலும் மரம் மரம்தான்.

பழைய ஒட்டுப்பலகையின் பசை சோயாவிலிருந்தும் பாலிலிருந்தும் விலங்கு இரத்தத்திலிருந்தும் காய்ச்சியது. ஈரம் பட்டால் இளகும். 1934 இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஹார்பர் பிளைவுட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் நெவின் தண்ணீரில் கரையாத பசையொன்றை உருவாக்கினார். பலகை அதே பலகை; நடுவிலிருந்த பசை மாறியது; அதன் தலைவிதியும் மாறியது. எட்டாண்டுகளுக்குள் போர் அதைக் கடலுக்கு அனுப்பியது. நோர்மண்டிக் கரையில் படைகளை இறக்கிய ஹிகின்ஸ் படகுகள் 36 அடி நீள ஒட்டுப்பலகைப் படகுகள்; அவை இருபதினாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டன.

போர் முடிந்ததும் அந்தப் பலகை வீடுகளுக்கு வந்தது. 1947 இல் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வரைந்த 'ஒப்ரிமிஸ்ற்' சிறுவர் படகுக்கு எட்டடிக்கு நாலடித் தாள் இரண்டு போதும். இங்கிலாந்தில் கென் லிற்றில்டைக் என்ற பள்ளிக்கூட ஆசிரியர் சிறு ஓடங்களுக்கு ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செப்புக் கம்பியால் தைத்து, தையல்மேல் கண்ணாடியிழை நாடாவை ஒட்டும் முறையைக் கையாண்டார். அந்த முறையை எடுத்துக்கொண்டு தொலைக்காட்சியில் வீட்டுத் தச்சு வேலை சொல்லிக்கொடுத்த பரி பக்னெலும் படகு வரைஞர் ஜாக் ஹோல்ற்றும் சேர்ந்து 1963 இல் ஒரு பாய்ப்படகை உருவாக்கினார்கள். அதற்குப் பின்னால் நின்றது ஒரு செய்தித்தாள்! லண்டன் 'டெய்லி மிரர்'. படகின் பெயரும் 'மிரர்'. பாயின் நிறம் பத்திரிகையின் சிவப்பு. விலை 63 பவுண் 11 ஷிலிங். துண்டுகளாக வாங்கி வீட்டில் தைத்துக்கொள்ளலாம். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட மிரர்கள் தண்ணீரில் இறங்கின. படகு என்றால் பணக்காரர் பொழுதுபோக்கு என்றிருந்த நாட்டில் தொழிலாளியும் எழுதுவினைஞனும் வரவேற்பறையில் படகு கட்டினார்கள். நான் வேலை செய்த பத்திரிகைகள் வாசகருக்குக் கொடுத்த பரிசுகளில் நாட்காட்டியை மட்டுமே நினைவுகூர முடிகிறது.

தமிழ்க் கரையில் இந்தப் பலகைத் தையல் வந்து இறங்கிய இடம் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம். 1980 களின் தொடக்கத்தில் அந்தக் கரையில் வெளியிணைப்பு இயந்திரம் பரவிக்கொண்டிருந்தது. கட்டுமரத்துக்கும் குடைந்த வள்ளத்துக்கும் ஏற்ற பெருமரங்கள் அருகி, விலை ஏறியது. முட்டத்தில் பெல்ஜியம் நாட்டு இயேசு சபைத் துறவி பியர் ஜில்லே உள்ளூர் மீனவரோடு சேர்ந்து படகுக் கட்டுமிடமொன்றை நடத்தினார். இங்கிலாந்திலிருந்து எட்வின் கிஃபர்ட் என்ற வரைஞர், இடைநிலைத் தொழில்நுட்பக் குழுவின் உதவியோடு, அலை உடையும் கரையில் இறக்கி ஏற்றக்கூடிய ஒட்டுப்பலகை வள்ளங்களை வரைந்துகொடுத்தார். செப்புக் கம்பித் தையல்தான்! உட்புறம் மிதவைக்காக நுரைப்பொருள் நிரப்பிய அறைகளும் வைத்தார்கள். ஆனால் முதல் வள்ளங்களே வெற்றி பெற்றுவிடவில்லை. ஜில்லே 1985 இல் எழுதிய நூலின் தலைப்பே 'சிறியது கடினமானது' என்ற பொருள்படும். சிறியது அழகானது என்று பேசியோருக்கு அவர் கொடுத்த பதில் அது. 1980 இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இந்தக் கட்டுமிடங்களை எடுத்து நடத்தி, ஆயிரக்கணக்கில் ஒட்டுப்பலகை வள்ளங்களைக் கட்டியது. வழியைக் காட்டியவர்கள் வெளியார். அதைக் கரைக்கேற்ப மாற்றியவர்கள் நாளும் கடலுக்குப் போய் வந்து குறை சொன்ன மீனவர்கள்.

நீரிணையின் மறுகரையில், நம்முடைய பக்கத்தில், இது நடக்கவில்லை. நாங்கள் ஒட்டுப்பலகைக் காலத்தைத் தாண்டிக் குதித்து நேரே கண்ணாடியிழைக்குப் போய்விட்டோம். அதிலும் தமிழர் பங்கு உண்டு. 1956 இல் நோர்வேக்குப் போன குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம், அந்நாட்டு நண்பர்களோடு சேர்ந்து 1967 இல் தொடங்கிய சீநோர் நிறுவனம் காரைநகரில் படகுக் கட்டுமிடம் அமைத்தது. இன்று நோர்வேயில் வாழும் தமிழர் பலர் அந்த வாசல் வழியாகவே அந்நாட்டை அடைந்தார்கள் என்பது இன்னொரு பெரிய கதை. சீநோர் பின்னர் அரசின் கைக்குப் போயிற்று. ஃபைபர் போட் தீவெங்கும் பரவியது.

மீனவர் அதை விரும்பியதில் பிழையில்லை. புழு துளைக்காது, கலப்பற்றுப் போட வேண்டாம், இயந்திரத்தைப் பூட்டினால் பறக்கும். ஆனால் அச்சு இல்லாமல் ஃபைபர் போட் கட்ட முடியாது. அச்சுக்குப் பணம் வேண்டும். போட்ட பணம் திரும்பிவரப் பல படகுகள் வார்க்க வேண்டும். எனவே படகு கட்டுதல் முற்றத்திலிருந்தும் கரையிலிருந்தும் எழுந்து தொழிற்சாலைக்குப் போனது. ஒட்டுப்பலகைக்கு அச்சு வேண்டாம். பென்சிலும் அளவுகோலும் போதும். தான் கட்டிய தோணியில் போகிறவனுக்கும் வாங்கிய தோணியில் போகிறவனுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் வெகு தாமதமாகவே புரிந்துகொண்டேன்.

தாமதமாக என்று சொல்வதற்குக் காரணம், 2005 இல் நான் எழுதிய செய்திகள். ஆழிப்பேரலைக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் படகு வழங்கிய விழாக்களுக்கு ஓயாமல் போனேன். இத்தனை படகுகள் கையளிக்கப்பட்டன, இத்தனை குடும்பங்கள் பயனடைந்தன என்று எண்ணி எண்ணி எழுதினேன். இக்கட்டுரைக்காகப் பழைய நறுக்குகளை எடுத்து வாசித்தபோது வெட்கமாக இருந்தது. அந்தப் படகுகளை யார் கட்டினார்கள், எத்தனை அடுக்குக் கண்ணாடியிழை போட்டார்கள், தண்ணீர் ஏறினால் மிதக்குமா, மூழ்குமா என்று ஒரு வரிகூட இல்லை. அவசரத்தில் முளைத்த பட்டறைகளில் வார்த்த தரம் குறைந்த படகுகள் பல வழங்கப்பட்டன என்பதை உலக உணவு விவசாய அமைப்பு அதே ஆண்டுகளில் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தது. கரையில் சும்மா கிடந்த ஓடாவிகளிடம் கேட்டிருந்தால் அவர்களும் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. இவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தக் கேள்வியை ஒரு தாய் தன் மகனிடம் கேட்டாள்.

முற்றத்துக்குத் திரும்புகிறேன். மருமகன் முதலில் வாங்கிய பலகை 'மரீன்' என்று சொல்லி விற்கப்பட்டது. கடையின் பெயர் வேண்டாம். பலகையை நம்ப வேண்டுமானால் வேகவைத்துப் பார்க்க வேண்டும். இந்தியாவின் ஐ.எஸ். 710 தரப்படி கடற்பலகை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியக்கூடாது. அவன் தங்கையின் பழைய சோற்றுப் பானையில் வெட்டுத் துண்டுகளைப் போட்டு விறகடுப்பில் ஏற்றினான். மூன்று நாள் தேவைப்படவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இரண்டு துண்டுகள் தேயிலைப் பெட்டிபோல வாய்பிளந்தன. தங்கை ஒன்றும் சொல்லாமல் பானையை எடுத்துக் கவிழ்த்தாள். கொழும்பிலிருந்து வேறு பலகை வந்தது. அது வெந்தும் பிரியவில்லை. முதற்பலகை இப்போது கோழிக்கூட்டுக்குக் கூரை.

இதில் எதிர்பாராத ஒன்று நடந்தது. தட்டையான தாளில் வரைந்த வளைகோடுகள் எப்படி மூன்று பரிமாணத் தோணியாகும் என்று எனக்கும் விளங்கவில்லை, ஓடாவியாருக்கும் முதலில் பிடிபடவில்லை. அவர் வாழ்நாள் முழுவதும் உள்ளே வங்கை நிறுத்தி அதன்மேல் பலகையை அணைத்தவர். என் தங்கை இருபது ஆண்டுகளாகத் தையல் இயந்திரம் மிதிப்பவள். வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "இது சட்டைக்கு மார்பில டாட் பிடிக்கிற மாதிரித்தானே, நேர்ச் சீலைக்கு வளைவு எப்பிடி வருது?" என்றாள். அதுதான் முழுச் சூத்திரம். இரண்டு விளிம்புகளை வெவ்வேறு வளைவில் வெட்டி ஒன்றோடொன்று தைத்தால் நடுவிலுள்ள பரப்பு தானாகக் குழிந்து உருவம் பெறும். அதன்பிறகு கம்பித் துளைகளுக்கு இடைவெளி குறித்தவள் அவள்தான். ஓடாவியார் கவனித்தது வேறு: அணியத்தில் தையல்கள் ஒரே கோட்டில் வரிசையாக இருந்தால் பலகை அந்தக் கோட்டில் பிளக்கும், சற்று ஏற்ற இறக்கமாகப் போடுங்கள் என்றார். அது எந்த வரைபடத்திலும் இல்லை.

எட்டடித் தாள் பன்னிரண்டு அடித் தோணிக்குப் போதாது. இரண்டு தாள்களின் முனைகளைச் சரிவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்ட வேண்டும்; சரிவின் நீளம் பலகைக் கனத்தின் எட்டு மடங்கு, அதாவது 48 மில்லிமீற்றர். மருமகன் இரண்டு முறை சீவிப் பிழைவிட்டான். மூன்றாம் முறை ஓடாவியார் சீவுளியை வாங்கி, அளவுகோல் வைக்காமல், ஒட்டுப்பலகையின் அடுக்குக் கோடுகளையே அளவாகக் கொண்டு சீவினார். கோடுகள் சம அகலத்தில் தெரிந்தால் சரிவு சரி. பசைமேல் அவருக்கிருந்த கோபம் அன்றைக்குப் பாதி தணிந்தது. ஒட்டிய துண்டொன்றை முழங்காலில் வைத்து முறித்துப் பார்த்தார். மரம்தான் முறிந்தது, ஒட்டு முறியவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் பையில் போட்டுக்கொண்டார், வீட்டில் காட்டுவதற்காக.

தொழிலுக்கு விடும் படகானால் 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின்படி பதிய வேண்டும். பதிவுக்குப் போகும்போது கட்டியவர் யார் என்று கேட்டால் என்ன எழுதுவது என்று வீட்டில் ஒரு பேச்சு வந்தது. மருமகன் பெயரா, ஓடாவியார் பெயரா, கம்பி முறுக்கிய தாயின் பெயரா? முடிவு காணாமல் எழுந்தோம்.

தங்கையின் நிபந்தனை வேறாக இருந்தது. "மிதக்கும் எண்டு காட்டாத. கவிழ்ந்தா, தண்ணி நிறைஞ்சா என்ன நடக்கும் எண்டு காட்டு." முட்டத்து வள்ளங்களைப் பற்றி நான் சொன்னதைக் கேட்ட மருமகன், இருக்கைப் பலகைகளின் கீழ் பெட்டிபோல் அடைத்து, நுரைக்கட்டிகளை நிரப்பி, மேலே ஒட்டிவிட்டான்.

ஒரு ஞாயிறு காலை தோணியை லேண்ட்மாஸ்டரில் ஏற்றி உட்துறைமுகத்தின் ஆழமில்லாத கரையொன்றுக்குக் கொண்டுபோனோம். இடுப்பளவு நீரில் இறக்கி, வாளியால் அள்ளி அள்ளி உள்ளே ஊற்றினோம். விளிம்புவரை தண்ணீர் நிறைந்தது. தோணி தாழ்ந்தது, ஆனால் அணியமும் கடையாரும் நீர்மட்டத்துக்கு மேலேயே நின்றன. மருமகன் ஏறி உட்கார்ந்தான். அவனுடைய நண்பன் ஏறினான். பிறகு நான், காற்சட்டையோடு. மூன்று பேரும் மார்பளவு நீரில் தோணிக்குள் அமர்ந்திருந்தோம். அது கீழே போகவில்லை.

தங்கை கரையில் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் இருங்கோ," என்றாள். இருந்தோம். அரை மணி நேரம் கழித்தே இறங்கச் சொன்னாள்.

தண்ணீரை இறைத்து, தோணியைக் கரைக்கு இழுத்துத் துடைத்த பிறகு ஓடாவியார் உள்ளே குனிந்து, அடியும் பக்கமும் சேரும் மூலை நெடுகிலும் விரலால் தடவிக்கொண்டே போனார். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது. மறுபடி துடைத்துவிட்டுக் காத்திருந்தார். மெல்ல ஒரு துளி ஊறியது.

"இந்தத் தையல் யார் போட்டது?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றாள் தங்கை. "அண்டைக்குக் கரண்ட் நிண்டுபோச்சு. இருட்டுக்குள்ள முறுக்கினது."

அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பசை பூச மருமகன் மறுநாள் விடுப்பு எடுத்தான்.